சதுர அடியும் சரியான கிரயமும்

வீடு வாங்கப் புறப்படும் சாதாரணக் குடும்பஸ்தர், அமைப்பில் ஒன்றையொன்று ஒவ்வாத இரண்டு வீடுகளை ஒப்பிட நேரும்போது, சதுர அடி விலை என்னும் ஒற்றை எண்ணையே பிரமாணமாகக் கொள்கிறார்; அந்த அடி எதை அளந்த அடி என்று விசாரிப்பவர் சிலரே.

சென்னையில் இரண்டு அடுக்குமாடி வீடுகள் விலைக்கு வருவதாகக் கற்பனை செய்துகொள்வோம். முதலாவது, 1,000 சதுர அடி, அடிக்கு 7,000 வீதம் 70 லட்ச ரூபாய். இரண்டாவது, 950 அடி, 7,200 வீதம் 68 லட்சத்து 40 ஆயிரம். மேலோட்டமாக முதலாவதே மலிவு. ஆனால் மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை முதலிய பொது இடங்களின் பங்கையும் சேர்த்தே ‘சூப்பர் பில்ட்-அப்’ விஸ்தீரணம் சொல்லப்படுகிறது. வெளிச்சுவர், பால்கனி, திறந்த மொட்டைமாடி ஆகியவற்றை நீக்கி, உட்சுவர்களை மட்டும் சேர்த்து, 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் வரையறுத்த ‘கார்ப்பெட் ஏரியா’வின்படி முன்னது 700, பின்னது 760 அடி என்றால், உண்மை விலை முறையே 10,000, 9,000 ஆகிவிடுகிறது.

விவகாரம் இத்துடன் முடியவில்லை. கட்டடம் நாளடைவில் தேய, நிலமோ பெரும்பாலும் மதிப்பேறுவதால், பத்திரத்தில் எழுதப்படும் ‘யூ.டி.எஸ்.’ என்கிற பிரிபடாத பாகத்தையும் கணக்கிட வேண்டும். அது முதலாவதற்கு 500 அடி, மற்றதற்கு 350 அடி, நிலத்தின் விலை அடிக்கு 6,000 என்றால், நிலத்துக்கு 30 லட்சமும் 21 லட்சமும் போக, கட்டடத்துக்கு நாம் தரும் விலை உள்ளடிக்குச் சுமார் 5,714, 6,237 என்று நிற்கிறது. மறுபடியும் முதல் வீடே அனுகூலம்!

இப்படிப் பொருளை அதன் குணங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் விலை காணும் முறையை, மோட்டார் வண்டிகளை முன்னிட்டு 1939-இல் ஆண்ட்ரூ கோர்ட் என்ற அமெரிக்கர் விளக்கினார். பொருளாதார நிபுணர்கள் பிற்பாடு அதை வீடுகளுக்கும் பிரயோகித்தனர். கட்டடத்தின் வயது, கார் நிறுத்துமிடம், காற்றோட்டம், தண்ணீர் வசதி யாவும் அந்தக் குணங்களே.

ஆகவே முன்பணம் கொடுக்குமுன், உள்விஸ்தீரணம், நிலப்பாகம், வயது, வசதிகள் என்ற நான்கையும் ஒரே தாளில் இரு வீடுகளுக்கும் எழுதிப் பார்த்து, மிஞ்சும் வித்தியாசம் நம் குடும்பத்தின் தேவைக்குத் தகுமா என்று தீர்மானிப்பதே விவேகம்.