பால்புதுமையரும் போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறும்: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிற்சூழலை முன்வைத்து

உடலுக்கும் தொழிலுக்கும் உறவுக்கும் கேடு நேர்ந்த பின்னரும் மது முதலியவற்றின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த இயலாத நிலையே போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு ஆகும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு இதற்கு 11 அளவுகோல்களை வகுத்துள்ளது. 12 மாதங்களுக்குள் அவற்றுள் இரண்டேனும் பொருந்தினால் கோளாறு எனக் கொள்ளப்படும். பாலீர்ப்பு அவற்றுள் ஒன்றன்று. எனினும், பால்புதுமையரிடையே இக்கோளாறு மிகுந்திருப்பதை அமெரிக்கா முதலிய நாடுகளின் ஆய்வுகள் சுட்டுகின்றன.

இலான் மேயர் 2003இல் விரித்துரைத்த சிறுபான்மையர் உளநெருக்கடிக் கோட்பாடு இதற்கு விளக்கம் தருகிறது. பாகுபாடும் வன்முறையும் புறநெருக்கடிகள். புறக்கணிப்பை எதிர்பார்த்து அஞ்சுதல், அடையாளத்தை மறைத்தல், சமூகத்தின் வெறுப்பைத் தன்மீதே ஏற்றுக்கொள்ளுதல் ஆகியன அகநெருக்கடிகள். இந்தியாவில் வெங்கடேசன் சக்கரபாணி முதலியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, மனச்சோர்வு, மதுப் பயன்பாடு, வன்முறைக்கு உள்ளாதல் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று பிணைந்த சிக்கல்களாக அணுகியது.

திருப்பூர்ச் சூழலில் இக்கோட்பாடு தனிக்கவனம் பெறத்தக்கது. பனியன் தொழில் தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் தொழிலாளரை ஈர்க்கிறது. வாரக்கூலியும் சொந்த ஊரிலிருந்து விலகிய வாழ்வும் ஒருவகை விடுதலை. ஆனால், ஓர் அறையைப் பலர் பகிரும் குடியிருப்பில், ஷிப்ட் முடிந்தாலும் மறைத்தல் முடிவதில்லை. சனிக்கிழமைச் சம்பளத்துக்குப்பின் சேர்ந்து குடிப்பது ஆண்களின் தோழமையாகக் கருதப்படுமிடத்தில், மறுப்பதே ஐயத்துக்கு இடமளிக்கலாம். மறைப்பின் களைப்பைத் தணிக்கும் மதுவே மறைப்புக்குக் கருவியாகவும் அமையக்கூடும். இது கள ஆய்வால் சோதிக்கத்தக்க கருதுகோள்.

2019இல் வெளியான நாடளாவிய கணக்கெடுப்பு, 10 முதல் 75 வயதுடையோருள் மது அருந்துவோரை ஆண்களில் 27.3 விழுக்காடு, பெண்களில் 1.6 விழுக்காடு எனப் பகுத்தது. பாலீர்ப்பை வினவாத இத்தகைய பகுப்பில், மேற்கூறிய நெருக்கடி புலப்படுவதில்லை.

சிகிச்சையிலோ இதனினும் பெரிய இடர் உண்டு. குடியிலிருந்து மீள வந்தவரின் பாலீர்ப்பையும் ‘கெட்ட பழக்கம்’ எனக் கருதித் திருத்த முனைந்தால், நோய்க்குக் காரணமான நெருக்கடியையே மருத்துவம் மிகுவிக்கும். மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, மது, போதைப்பொருள் சார்ந்த உளநிலைகளை மனநோய் வரையறையுள் அடக்கி, பிரிவு 18இல் பாலீர்ப்பு வழிப் பாகுபாட்டை விலக்குகிறது. பாலீர்ப்பை மாற்ற முயலும் ‘சிகிச்சை’யைத் தடைசெய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் பணித்தது, தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதனைத் தொழில்முறை ஒழுங்கீனமாக அறிவித்தது.

ஆகவே, சிகிச்சைக்குரியது குடி, பாலீர்ப்பன்று. ஆயினும், பாலீர்ப்பை மறைத்து வாழும் சுமையை அறியாமல் அக்குடியைப் புரிந்துகொள்ள இயலாது. அச்சுமையை அஞ்சாமல் சொல்வதற்குரிய மந்தணமே திருப்பூரின் போதைமீட்புப் பணிக்கு முதல் தேவையாகும்.