உங்களுக்குத் தெரியுமா? மான் கொம்பிலும் பேனா!

மாட்டுக்கு இருப்பதும் மானுக்கு இருப்பதும் தமிழில் ‘கொம்பு’தான். ஆனால் மாட்டுக் கொம்பின் உறை, நம் நகத்தைப் போலக் கெரட்டினால் ஆனது; உதிராது. மான் கொம்போ முழுக்க எலும்பு. ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும்.

● அமெரிக்காவில் உதிர்ந்த கொம்பைத் துளையிட்டு, பித்தளைக் குழாயை ஒட்டி, லேத்தில் கடைந்து பேனா செய்கிறார்கள். கொம்பின் உட்பகுதி பஞ்சுபோல் இருக்கும்; பசையை ஊற விட்டு இறுக்கிய பிறகே மெருகேறும். தூசு நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் முகக்கவசம் அவசியம்.

● இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, மான் கொம்பை வாங்குவதும் விற்பதும் குற்றம். தானாக உதிர்ந்ததும் இதில் அடக்கம்.

● மும்பையில் போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குப் போனால் புள்ளிமானைப் பார்க்கலாம். கீழே கொம்பு கிடந்தால் தொடாதீர்கள். முள்ளம்பன்றிகள் அதைக் கொறித்துச் சுண்ணாம்புச்சத்து பெறுகின்றன.

● கையால் கடைந்த பேனாவுக்கு மான் கொம்பு தேவையில்லை. கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பரான எபோனைட்டில் திருவள்ளூரிலும் ராஜமுந்திரியிலும் அழகிய மைப்பேனாக்கள் உருவாகின்றன. கொம்பு காட்டுக்கே இருக்கட்டும்!