கொற்கை முதல் தூத்துக்குடி வரை

தூத்துக்குடி - திருநெல்வேலி சாலையில் புதுக்கோட்டை. அங்கிருந்து தெற்கே, தாமிரபரணிக் கழிமுகப் பகுதியில் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம் இன்று கடலைவிட்டு விலகிய சிற்றூர்! ஆற்று வண்டல் துறையைத் தூர்த்துவிட, வணிகம் பழையகாயலுக்குப் போனது. பிறகு தூத்துக்குடி தலையெடுத்தது.

இந்த வரலாற்றைப் படித்தறிய நூல்கள் உண்டு. 1881இல் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரம் கொற்கையையும் பழையகாயலையும் விரிவாகப் பேசுகிறது.

ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவலில் இருபதாம் நூற்றாண்டுத் தூத்துக்குடியே கண்முன் விரிகிறது: தோணிகள், பரதவர் வாழ்க்கை, கைமாறும் செல்வம். 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல் இது.

காலால் கல்லை மிதித்தபடி கடலில் இறங்கி, மூச்சடக்கி முத்துச்சிப்பி அள்ளியவர்களின் ஊர் கொற்கை. நேயர்களே, உங்கள் ஊர் வரலாற்றையும் நூலகத்தில் தேடிப் படியுங்கள்!