போனை யாரும் எடுத்துடாதீங்க!

அந்த பில் வந்த நாள் இன்னும் ஞாபகம் இருக்கிறது. 2000-ம் ஆண்டு, ஜூலை மாதம். இரண்டு மாதத்துக்கு 500 ரூபாயைத் தாண்டாத எங்கள் வீட்டு டெலிபோன் பில், அன்றைக்கு 3,400 ரூபாய்க்கு வந்திருந்தது. அப்பா முதலில் பெயரைப் பார்த்தார், அப்புறம் போன் நம்பரைப் பார்த்தார். பக்கத்து வீட்டு பில்லை மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்று சந்தேகம். இரண்டுமே எங்களுடையதுதான்.

"டேய், இங்க வா" என்று அண்ணனைக் கூப்பிட்டார்.

அண்ணன் அப்போது இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு. வீட்டுக்கு கம்ப்யூட்டர் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. யார் யாரிடமோ விசாரித்து, பேப்பர் விளம்பரங்களையெல்லாம் கத்தரித்து வைத்து, கடைசியில் ஒரு இன்டர்நெட் பேக் வாங்கி வந்திருந்தான். ஒரு சி.டி, ஒரு அட்டை, சுரண்டினால் பாஸ்வேர்டு. அட்டையின் மேல் பெரிய எழுத்தில் 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தது.

"அது அன்லிமிடெட்பா. மூணு மாசத்துக்குக் காசு கட்டியாச்சு!"

"நெட்டுக்குக் கட்டிட்டே. போனுக்கு யாருடா கட்டுறது?"

பில்லின் பின்பக்கத்திலேயே அப்பா கணக்கு போட்டார். மூன்று நிமிடத்துக்கு ஒரு கால். ஒரு மணி நேரத்துக்கு 20 கால். ஒரு காலுக்கு 1 ரூபாய் 20 பைசா என்றால், மணிக்கு 24 ரூபாய். தினம் இரண்டு மணி நேரம், 60 நாள். 2,880 ரூபாய். வழக்கமான 500-ஐச் சேர்த்தால் பில் கிட்டத்தட்ட சரியாக இருந்தது. அப்பாவின் சம்பளத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்பது, அந்த மாதம் பீரோவைத் திறந்து தன் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்த அம்மாவுக்குத்தான் தெரியும்.

இன்றைக்கு ரீசார்ஜ் செய்துவிட்டு நாள் முழுக்க வீடியோ பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு புரியாது. கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன்.

அப்போது வீட்டில் நெட் என்றால் டயல்-அப். கம்ப்யூட்டரோடு ஒரு மோடம் இருக்கும். டெலிபோன் ஒயரைக் கழற்றி அதில் செருக வேண்டும். அது 172 என்று தொடங்கும் ஒரு எண்ணுக்கு, நாம் போன் செய்வதுபோலவே போன் செய்யும். 'கீய்ங்... கர்ர்ர்...' என்று ஒரு சத்தம். நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் அந்தச் சத்தம் இப்போது காதில் கேட்கும். எதிர்முனையில் இருக்கும் மோடம் பதில் சொன்னால், திரையின் ஓரத்தில் இரண்டு குட்டி கம்ப்யூட்டர்கள் மின்ன ஆரம்பிக்கும். அவ்வளவுதான், நெட் வந்துவிட்டது.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சைப் பொறுத்தவரை அது வெறும் லோக்கல் கால். பேசுவது மனிதரா மெஷினா என்று அதற்குத் தெரியாது. லைன் இருக்கும் வரை மீட்டர் ஓடும். ஆக, வீட்டு நெட்டுக்கு இரண்டு மீட்டர். நெட் கம்பெனியின் மீட்டர் ஒன்று, போன் மீட்டர் இன்னொன்று. முதல் மீட்டரை நிறுத்தத்தான் 'அன்லிமிடெட்' பேக். இரண்டாவதை நிறுத்த எந்தக் கடையிலும் சி.டி விற்கவில்லை.

பார்க்கப்போனால், நாங்கள் வந்ததே மலிவான காலத்தில்தான். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல் நிறுவனம் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் தொடங்கியது. பம்பாய், டெல்லி, கல்கத்தாவோடு நம் மெட்ராஸுக்கும் அப்போதே கிடைத்தது (சென்னை என்று பெயர் மாறியது அடுத்த ஆண்டுதான்). தனிநபர் கணக்குக்கே 5,000 ரூபாய். வேகம் 9.6 கேபிபிஎஸ். மாணவர்களுக்கு 500 ரூபாயில் 'ஷெல் அக்கவுன்ட்' என்று ஒன்று கொடுத்தார்கள். கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும். படம் கிடையாது, மவுஸுக்கு வேலையும் கிடையாது. 1998 நவம்பரில் தனியார் கம்பெனிகளுக்குக் கதவு திறந்தது. முதலில் நுழைந்த தனியார் நிறுவனமே சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே தான். அதன்பிறகு நெட் கட்டணம் மளமளவென்று இறங்கியது. கால்டைகர் என்ற நிறுவனம் இலவசமாகவே கொடுத்தது. ஆனால் இலவச நெட்டுக்கும் போன் பில் வரத்தான் செய்தது.

'அமெரிக்காவுல எல்லாம் இருபது டாலர் கட்டினா மாசம் முழுக்க பாக்கலாமாம்' என்று அண்ணன் அடிக்கடி சொல்வான். அவன் சொன்னது நிஜம். அங்கே ஏ.ஓ.எல் நிறுவனம் 1996 டிசம்பரில் மணிக்கணக்கை விட்டுவிட்டு, மாதம் 19.95 டாலருக்கு அன்லிமிடெட் என்று கொடுக்க ஆரம்பித்தது. அங்கே பெரும்பாலான வீடுகளில் லோக்கல் காலுக்கு மீட்டரே கிடையாது. அதனால் அன்லிமிடெட் என்றால் நிஜமாகவே அன்லிமிடெட். விளைவு என்ன தெரியுமா? உள்ளே போனவர்கள் யாரும் வெளியே வரவில்லை. 1997 ஜனவரியில் டயல் செய்தவர்களுக்கெல்லாம் என்கேஜ்டு டோன். மக்கள் கொதித்துப் போய், கடைசியில் ஏ.ஓ.எல் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் கதை நம்மைப்போலத்தான். லோக்கல் காலுக்கு மீட்டர் உண்டு. 1998-ல் ஃப்ரீசர்வ் என்ற கம்பெனி சந்தாவே வேண்டாம் என்று நெட் கொடுத்தது. எப்படிக் கட்டுப்படியானது என்றால், வாடிக்கையாளரின் போன் கட்டணத்தில் அதற்கும் ஒரு பங்கு போனது!

எங்கள் வீட்டில் அந்த பில்லுக்குப் பிறகு ரேஷன் வந்தது. நாளைக்கு அரை மணி நேரம். அண்ணனுக்குப் பதினைந்து நிமிடம், எனக்குப் பதினைந்து நிமிடம். அலாரம் கடிகாரம் மானிட்டர் பக்கத்திலேயே இருக்கும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் நாங்கள் செய்த சிக்கனத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மெயிலை முதலிலேயே நோட்பேடில் அடித்து வைத்துக்கொள்வோம். கனெக்‌ஷன் கிடைத்ததும் ஒட்டி அனுப்பிவிட்டு, வந்த மெயில்களையும் நாலைந்து பக்கங்களையும் திறந்து போட்டுவிட்டு, 'டிஸ்கனெக்ட்' செய்துவிட்டுப் பிறகுதான் நிதானமாகப் படிப்போம். படங்களை வரவிடாமல் பிரவுசரில் அணைத்து வைப்போம். ஒரு பாட்டு 5 எம்.பி இருக்கும். நொடிக்கு 4 கே.பி வந்தால் அதிர்ஷ்டம். கணக்குப் போட்டால் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும், அதாவது ஒரு பாட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல். அதுவும் யாரும் நடுவில் போனை எடுக்காமல் இருந்தால்.

எடுப்பார்கள். ஹாலில் ஒரு போன், மாடியில் தாத்தா அறையில் அதே லைனில் ஒரு பேரலல் போன். தாத்தா ரிசீவரைத் தூக்கினால் போதும், பத்தொன்பதாவது நிமிடத்தில் கனெக்‌ஷன் அறுந்துவிடும். "போனை யாரும் எடுத்துடாதீங்க!" என்று கத்திவிட்டுத்தான் நெட்டில் உட்காருவோம். தாத்தாவுக்குக் காது கேட்காது என்பது வேறு விஷயம்.

பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் தெருமுனை சென்டரில் மணிக்கு 20 ரூபாய். வீட்டு போன் மீட்டரைவிட அதுவே மலிவு! அண்ணன் போனான். எனக்கு அனுமதி இல்லை. இடுப்புயரத் தடுப்பு, திரைச்சீலை, ராத்திரி ஒன்பது மணிக்கு அங்கே நிற்கும் பைக்குகள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அம்மா, "நீ வீட்டுலயே பாத்துக்கோ" என்றாள். என் வயதுப் பெண்கள் நிறைய பேருக்கு வீட்டு நெட் என்பது ஆடம்பரம் இல்லை, அது ஒன்றுதான் வழி. 'காசைக் கரியாக்குறா' என்று அத்தை சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வந்ததற்கு அதுதான் காரணம்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவை. இன்னொன்று உண்டு.

அந்த வருஷம் நவம்பர். அண்ணன் ஹாஸ்டல் நண்பர்களோடு படிக்கப் போயிருந்தான். அப்பா அசந்து தூங்கிவிட்டார். ராத்திரி ஒன்பது மணிக்கு ரேஷனை மீறி நெட்டில் உட்கார்ந்தேன். ஏதோ படத்துப் பாட்டு, அப்புறம் கல்லூரித் தோழியோடு சாட். அலாரம் வைக்கவில்லை.

கும்பகோணத்தில் பாட்டியை அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சித்தப்பா ஆஸ்பத்திரி வாசலில் இருந்த எஸ்.டி.டி பூத்திலிருந்து ஒன்பதே காலுக்கு முதல்முறை போன் செய்திருக்கிறார். என்கேஜ்டு. ஒன்பதரைக்கு, பத்துக்கு, பத்தே காலுக்கு... என்கேஜ்டு. கடைசியில் டைரியைத் தேடி எதிர்வீட்டு மாமாவின் நம்பரைப் பிடித்திருக்கிறார். பதினொன்றே முக்காலுக்கு மாமா எங்கள் கேட்டைத் தட்டும்போது, எனக்கு முன்னால் இரண்டு குட்டி கம்ப்யூட்டர்களும் மின்னிக்கொண்டிருந்தன.

கோயம்பேடு பஸ் நிலையம் அப்போது திறக்கவில்லை. வெளியூர் பஸ்ஸெல்லாம் பாரிமுனையிலிருந்துதான். அந்நேரத்துக்கு அங்கே போய்ப் பயனில்லை என்று அப்பா நேராகத் தாம்பரம் போய் நின்றார். இரண்டு மணிக்கு ஒரு பஸ் கிடைத்தது. காலையில் ஒன்பது மணிக்கு கும்பகோணம் போய்ச் சேர்ந்தார். பாட்டி ஆறரைக்கே போய்விட்டாள். 'பெரியவன் வந்துட்டானா' என்று ராத்திரி முழுக்கக் கேட்டாளாம்.

முதல் போனே கிடைத்திருந்தால் பத்து மணி பஸ்ஸைப் பிடித்திருப்பார். விடிவதற்குள் போயிருப்பார். இந்தக் கணக்கை அப்பா எந்தக் காகிதத்தின் பின்பக்கத்திலும் போட்டுக் காட்டவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. காரியமெல்லாம் முடிந்து திரும்பியதும் மோடம் ஒயரை நானே கழற்றிவிட்டேன். அந்த 'அன்லிமிடெட்' பேக்கில் அப்போது இன்னும் இருபது நாள் பாக்கி இருந்தது.

இந்த என்கேஜ்டு சிக்கலுக்குச் சென்னையிலேயே விடை தேடியவர்கள் இருந்தார்கள். சென்னை ஐ.ஐ.டி-யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய 'கார்டெக்ட்' தொழில்நுட்பத்தில், கம்பியே இல்லாமல் போனும் நெட்டும் ஒரே நேரத்தில் வரும். மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் 2001 வாக்கில் அதை வைத்து இன்டர்நெட் மையங்கள்கூட நடத்தினார்கள். எங்கள் தெருவுக்கு அது வரவில்லை.

எங்கள் வீட்டுக்கு விடை வந்தது 2005-ல். 2004 அக்டோபரில் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை அறிவித்தது. 256 கேபிபிஎஸ் வேகம் இருந்தால்தான் பிராட்பேண்ட் என்றார்கள். அடுத்த ஜனவரியில் பி.எஸ்.என்.எல் 'டேட்டாஒன்' வந்தது. அதே பழைய செம்புக் கம்பிதான். ஆனால் நம் பேச்சுக்கு அந்தக் கம்பியில் 4 கிலோஹெர்ட்ஸ் வரை போதும். அதற்கு மேலே இருக்கும் இடத்தில் டி.எஸ்.எல் மோடம் டேட்டாவை அனுப்பும். ஸ்ப்ளிட்டர் என்று தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா, பேச்சையும் டேட்டாவையும் பிரித்துவிடும். யாருக்கும் டயல் செய்வதில்லை என்பதால் கால் மீட்டருக்கு வேலையே இல்லை.

அப்போதும் 'அன்லிமிடெட்' முழுசாகக் கைக்கு எட்டியதா என்றால், பாதிதான். எங்களுக்குக் கட்டுப்படியான 500 ரூபாய் திட்டத்தில் பகலில் அளவு உண்டு. ராத்திரி இரண்டு மணி முதல் காலை எட்டு வரை மட்டும் அளவில்லை. ஊரெல்லாம் பையன்கள் இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தார்கள். டவுன்லோடு போட்டுவிட்டு மறுபடி தூங்குவார்கள். எட்டு மணிக்குள் எழுந்து அணைக்கவில்லை என்றால் அந்த மாத பில் பழைய காலத்தை ஞாபகப்படுத்தும்.

கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் ஒயரெல்லாம் மாட்டிவிட்டு, மோடத்தில் பச்சை விளக்கு எரிவதைக் காட்டினார். அப்பா கேட்டது ஒரே கேள்விதான்.

"இது ஓடிக்கிட்டு இருக்கும்போது போன் வருமா?"

"தாராளமா வரும் சார்."

"ராத்திரியில?"

"எப்பவும் வரும் சார்."

அவர் போன பிறகு அப்பா என்னைப் பார்த்து, "நீ உள்ள போய் ஏதாவது பெருசா டவுன்லோடு போடு" என்றார். போட்டேன். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே என்று சொல்லவில்லை.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். திரையில் டவுன்லோடு ஓடிக்கொண்டே இருந்தது. ஹாலில் போன் அடித்தது. அம்மா எடுத்தாள். தெருமுனை மளிகைக் கடையில் இருக்கும் ஒரு ரூபாய் காயின் போனிலிருந்து அப்பா.

"என்னங்க, என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல, வருதான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.