காலண்டர் தாளில் ஒரு மடிப்பு

பழைய மாதக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, 24 செ.மீ. பக்கமுள்ள சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். மேல் விளிம்பின் நடுவில், 12 செ.மீ.யில், பென்சிலால் ஒரு புள்ளி. கீழே வலது மூலையைத் தூக்கி, அதன் நுனி அந்தப் புள்ளியில் சரியாக உட்காரும்படி வைத்து, நகத்தால் அழுத்தி மடியுங்கள். வலது மேல் மூலையில் மூடப்படாத ஒரு செங்கோண முக்கோணம் தெரியும். ஸ்கேல் வைத்து அளந்தால் அதன் பக்கங்கள் 9, 12, 15. இடது மேல் மூலையில் இன்னொன்று இருக்கிறது: 12, 16, 20. மடிந்த தாளின் முனை ஒன்று இடதுபுறம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே, அதுவும் முக்கோணம்தான்: 3, 4, 5.

எட்டாம் வகுப்பில் பிதாகரஸ் தேற்றத்தை நான் இப்படித்தான் ஆரம்பிப்பேன். காவிரிக் கரையோர அரசுப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கரும்பலகையில் முக்கோணம் வரைந்து சூத்திரத்தை எழுதினால் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள்; கேள்வி ஒன்றும் வராது. தாளை மடித்தால் கேள்வி தானாக வரும். "எல்லாருக்கும் ஏன் டீச்சர் ஒன்பதே வருது? பத்து வரக் கூடாதா?" வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை இதைக் கேட்கும்வரை நான் வாயைத் திறப்பதில்லை.

பதிலும் தாளிலேயே இருக்கிறது. வலது விளிம்பின் முழு நீளம் 24. மடித்ததால் அது இரண்டு துண்டாகிவிட்டது: ஒன்று நேராக நிற்கிறது, மற்றது சாய்ந்து முக்கோணத்தின் கர்ணமாகிவிட்டது. தாள் நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. ஆகவே நிற்கும் துண்டு x என்றால் கர்ணம் 24 – x. மேல் பக்கம் 12. பிதாகரஸைப் போட்டால் x²-உம் 144-உம் சேர்ந்து (24 – x)². இருபுறமும் x² அடிபட்டுப் போக, 48x = 432, x = 9. தாளை விரித்து மூடி, விரித்து மூடி, 'இதுவும் அதுவும் சேர்ந்தா முழுப் பக்கம்' என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் போதும், சமன்பாட்டை அந்தப் பிள்ளையே எழுதிவிடும். மாறி என்றாலே மிரளும் பிள்ளைக்கு, அந்த x எது என்று விரலால் தொட்டுக் காட்ட முடிகிறது.

மடிந்து மேலே வந்த கீழ் விளிம்பு, இடது விளிம்பை 16 செ.மீ.யில் வெட்டுகிறது, மேலிருந்து சரியாக மூன்றில் இரண்டு பங்கு. அளவுகோல் இல்லாமல் ஒரு தாளை மூன்று சமபாகமாக்க வழி கிடைத்துவிட்டது. இதைக் கண்டுபிடித்துச் சொன்ன ஜப்பானியர் கஸுவோ ஹாகா, தொழிலால் உயிரியலாளர். அவர் பெயராலேயே இது ஹாகா தேற்றம்.

காகிதம் மடிப்பது என்றதும் ஜப்பானைத்தான் நினைக்கிறோம். ஆனால் காகித மடிப்பை வடிவியல் பாடமாக்கிய முன்னோடி நூல்களில் ஒன்று நம் சென்னையில் அச்சானது, 1893-இல். எழுதியவர் டி. சுந்தர ராவ், வருவாய்த் துறையில் டெபுடி கலெக்டர். ஜெர்மனியில் ஃப்ரோபெல் தொடங்கிய மழலையர் கல்வியில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வண்ணக் காகிதச் சதுரங்களே அவருக்குத் தூண்டுதல். சதுரத்தில் தொடங்கி ஐங்கோணம், அறுகோணம் என்று போய், பரவளையம், நீள்வட்டம் வரை மடிப்பாலேயே காட்டினார். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் க்ளைன் அந்த நூலைத் தம் நூலில் எடுத்துச் சொன்னார்; அதைப் பார்த்த இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1901-இல் சிகாகோவில் புதுப் பதிப்பே கொண்டுவந்தார்கள். நம் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் இந்தப் பெயரை நான் கேட்டதில்லை. எனக்கு அது ஆற்றாமைதான்.

'இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் வேலை, பத்தாம் வகுப்புக்கு எதற்கு?' என்று சொல்வோர் உண்டு. காம்பஸும் அளவுகோலும் மட்டும் கொண்டு எல்லாக் கோணங்களையுமே மூன்று சமபாகமாகப் பிரித்துவிட முடியாது என்று 1837-இல் நிரூபித்துவிட்டார்கள். தாளை மடித்தால் முடியும். முப்படிச் சமன்பாட்டையே மடிப்பால் தீர்க்கலாம் என்று இத்தாலியைச் சேர்ந்த மார்கெரிட்டா பெலோக் 1936-இல் காட்டினார். ஜப்பான் 1995-இல் விண்ணுக்கு அனுப்பிய ஒரு கலத்தில் சூரியத் தகடுகளைச் சுருக்கி விரித்தது கோர்யோ மியுரா வகுத்த மடிப்பு.

அறிவியல் டீச்சரோடு சேர்ந்து நான் விரும்பி நடத்திய பாடம் வேறு. ட்ரேசிங் பேப்பரின் கீழ் விளிம்புக்கு மூன்று செ.மீ. மேலே ஒரு புள்ளி. விளிம்பில் ஏதாவது ஓர் இடம் அந்தப் புள்ளியைத் தொடும்படி மடித்து விரிக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி இன்னொரு மடிப்பு. அப்படியே மடித்துக்கொண்டே போனால், நேர்கோடுகள் மட்டுமே போட்ட தாளில் ஒரு வளைவு எழுந்து வரும். யாரும் வரையாத வளைவு! அதுதான் பரவளையம். ஒவ்வொரு மடிப்பையும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து செங்குத்தாக இறங்கும் ஒளிக்கதிர், அது வளைவைத் தொடும் இடத்தில் பட்டால், எந்த மடிப்பானாலும், முதலில் வைத்த அந்தப் புள்ளிக்கே திரும்பும். மொட்டைமாடி டிஷ்ஷுக்கு முன்னால் ஒரு கம்பியின் நுனியில் ஒரு சின்னப் பெட்டி ஏன் நிற்கிறது என்று அன்று சாயங்காலம் வீட்டில் பிள்ளை விளக்கிச் சொல்லும். சூரிய அடுப்பும் அதே கதைதான்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. கலையோடு கணக்கு, கலையோடு அறிவியல் என்று இப்போது எங்கும் பேசுகிறார்கள். நல்லதுதான். ஆனால் நடப்பதென்ன? வளரறி மதிப்பீட்டுக்கு ப்ராஜெக்ட் என்று ஸ்டேஷனரி கடையில் தெர்மாகோல் வாங்கி, ராத்திரி பத்து மணிக்கு அம்மா வெட்டி ஒட்டுகிறார். ஜிகினா தூவிய சார்ட்டில் பிதாகரஸின் படம். அழகாகத்தான் இருக்கிறது. அந்தச் சார்ட்டில் சூத்திரத்தைத் தப்பாக எழுதியிருந்தாலும் ஜிகினா உதிரப்போவதில்லை. மடித்த தாள் அப்படி விடாது. மூலை அரை செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் 9 வராது, பிள்ளை திரும்ப மடித்தே ஆக வேண்டும். கணக்கு பிசகினால் வேலையும் பிசக வேண்டும். அப்படி ஒன்றைத்தான் பிள்ளைக்கு வீட்டுவேலையாகக் கொடுக்க வேண்டும் என்பேன்.

இன்னொன்றிலும் நான் பிடிவாதம். அளந்து பார்த்ததோடு பாடம் முடிந்துவிடக் கூடாது. ஸ்கேல் 9 என்று காட்டுவது சாட்சி மட்டுமே, 8.9 ஆகவும் இருக்கலாம். சமன்பாடு போட்டால்தான் 9 என்பது உறுதி. கையில் தொடங்குவது நோட்டில் போய் முடிய வேண்டும்.

ஒரு வருடம் பின் பெஞ்சில் இருந்த ஒரு பெண் கேட்டாள்: "நடுவுல வெக்காம, வேற எடத்துல வெச்சா என்ன டீச்சர் ஆகும்?" அதற்கு 32 செ.மீ. சதுரம் வசதி. மேல் விளிம்பை நான்கு சமபாகமாக்கி, வலது மேல் மூலையிலிருந்து 8 செ.மீ.யில் ஒரு புள்ளி, 16-இல் ஒன்று, 24-இல் ஒன்று. கீழ் வலது மூலையை முதல் புள்ளிக்குக் கொண்டுபோய் மடித்தால், வலது மேல் மூலையில் வரும் முக்கோணம் 8, 15, 17. நடுப்புள்ளிக்கு மடித்தால் 12, 16, 20. பழைய 3, 4, 5 தான். மூன்றாவது புள்ளிக்கு என்ன வரும் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் தாளை அதன் கையில் கொடுங்கள். மூன்று பக்கமும் முழு எண்ணாகத்தான் வரும்.