12 சென்டிமீட்டர் ராட்சதன்!

1868-ம் வருஷம் அமெரிக்காவில், நெவார்க் என்கிற ஊரில், ஸாடக் டெடெரிக் என்ற 22 வயசு இளைஞர் ஓர் இரும்பு மனிதனைச் செய்து நிறுத்தினார். உடம்புக்குள் கொதிகலன். தலையில் உயரமான தொப்பி. தொப்பி ஸ்டைலுக்கு இல்லை, அதுதான் புகைபோக்கி! வண்டியில் பூட்டினால் இழுத்துக்கொண்டு நடக்கும் என்றார்கள். தெருவில் போகிற குதிரைகள் மிரண்டுவிடக் கூடாதே என்று அதற்கு உடுப்பு மாட்டிவிடவும் யோசனை இருந்தது. என்ன கரிசனம் பாருங்கள்!

அதே வருஷம் எட்வர்ட் எல்லிஸ் என்பவர் நீராவி மனிதனை வைத்து ஒரு மலிவு விலை நாவலே எழுதிவிட்டார். 1880-ல் ஜூல்ஸ் வெர்ன் ஒருபடி மேலே போய், நீராவியில் நடக்கும் எஃகு யானையைக் கல்கத்தாவிலிருந்து கிளப்பினார். பின்னால் வீடு மாதிரி இரண்டு வண்டிகள். 1897-ல் எச்.ஜி. வெல்ஸ் செவ்வாய்க் கிரகத்து ஆசாமிகளை மூன்று கால் யந்திரங்களில் ஏற்றி இங்கிலாந்து மேல் ஏவினார்.

விக்டோரியா மகாராணி காலத்து இந்தக் கனவுகளைத் தூசி தட்டி எடுத்து விளையாடுவதற்கு இன்றைக்கு ‘ஸ்டீம்பங்க்’ என்று பெயர். 1987-ல் கே.டபிள்யூ. ஜீட்டர் என்ற எழுத்தாளர் பாதி கிண்டலாக வைத்தது. ஒட்டிக்கொண்டுவிட்டது.

இந்த வம்சத்தின் கடைக்குட்டி என் மேஜை மேல் நிற்கிறது. உயரம் 12 சென்டிமீட்டர். பூர்வீகம் ஜப்பான்.

ஒற்றைக் கண்ணன்

1979-ல் ஜப்பான் டி.வி.யில் ‘குண்டம்’ என்று ஒரு கார்ட்டூன் தொடர் வந்தது. மனிதர்கள் உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிற ராட்சத யந்திரங்கள் சண்டை போடும். 1980-ல் பாண்டாய் கம்பெனி அவற்றைப் பிளாஸ்டிக் கிட்டாகப் போட்டது. பெட்டியைத் திறந்தால் சட்டம் சட்டமாகப் பாகங்கள், ஒவ்வொன்றுக்கும் நம்பர். இப்போது வருகிறவற்றுக்குப் பசைகூட வேண்டாம். நறுக்கி, அமுக்கினால் ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும்.

கதாநாயகனை விட்டுவிட்டு நான் எடுத்தது வில்லன் கோஷ்டியின் சிப்பாயை. பெயர் ஸாகு. பச்சை உடம்பு, ஒற்றைக் கண், ஒரு தோளில் தகடு, இன்னொரு தோளில் முள் வைத்த உருண்டைக் கவசம். முக்கியமாக, மூக்கடியிலும் இடுப்பிலும் காலிலும் குழாய்கள் வெளியே தெரியும். நீராவிக்குப் பிறந்தவன்தான், தவறிப்போய் விண்வெளிக்குப் போய்விட்டான் என்று தோன்றியது.

தாளில் போட்ட நம்பர்படி கட்டினால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் உலகத்தில் அந்த கிட்டை வாங்கிய அத்தனை பேரிடமும் அதே ஸாகு நிற்கும். தாளை மடித்துவைத்துவிட்டுக் கத்தியை எடுக்கும்போதுதான் விஷயம் ஆரம்பிக்கிறது. வெட்டின பிளாஸ்டிக் திரும்ப ஒட்டாது என்பதால் வயிற்றில் லேசாகப் பட்டாம்பூச்சியும் பறக்கிறது.

பெரும்பாலோர் இந்த இடத்தில் செய்வது, பழைய கைக்கடிகாரத்தை உடைத்துப் பல்சக்கரங்களை உடம்பெல்லாம் ஒட்டி, மேலே தங்கப் பெயின்ட் அடிப்பது. பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஆனால் அந்தச் சக்கரம் எதையும் சுற்றாது, அதை எதுவும் சுற்றாது. கல்யாண வீட்டில் சும்மா குறுக்கே நடக்கிற தூரத்துச் சொந்தம் மாதிரி.

நான் எனக்கு ஒரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: காரணம் இல்லாமல் எதையும் ஒட்டக் கூடாது. ஒவ்வொரு குழாயும் ஓர் இடத்தில் புறப்பட்டு இன்னோர் இடம் போய்ச் சேர வேண்டும்.

இதற்கு வாத்தியார் வேண்டுமா? மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிற ரயில் இருக்கிறது. 1899-ல் திறந்த பாதை. விக்டோரியா மகாராணி உயிரோடு இருந்த காலம். அந்த எஞ்சின் பக்கத்தில் நின்று ஏதாவது ஒரு குழாயைக் கண்ணால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். அழகுக்கென்று ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தான் அவ்வளவு அழகு.

கொஞ்சம் கணக்கு (பயப்படாதீர்கள்)

கதையில் ஸாகு பதினேழரை மீட்டர். பொம்மை அதில் 144-ல் ஒரு பங்கு. நீராவி யுகத்தில் அவ்வளவு பெரிய ஆசாமி சரிப்படாது. ஆகவே பொம்மையைத் தொடாமல் கணக்கை மாற்றினேன். இதே 12 சென்டிமீட்டரை 35-ல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் நிஜ உயரம் சுமார் 4.2 மீட்டர். ஒரு மனிதன் ஏறி உட்காரலாம். அந்த அளவுக்குத்தான் ராணுவ பொம்மை மனிதர்கள் ஏராளமாகக் கிடைக்கிறார்கள். ஒருவர் 5 சென்டிமீட்டர். பொம்மை பெரிசா சின்னதா என்பதை முடிவு செய்வது பக்கத்தில் நிற்கிற ஆள்தான். ஆபீஸிலும் அப்படித்தானே!

அடுத்தது தீனி. 10 குதிரை சக்தியில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். அந்தக் காலத்துச் சின்ன நீராவி எஞ்சின், கரியின் சூட்டில் நூற்றுக்கு ஐந்து பங்கை வேலையாக்கினாலே பெரிய விஷயம். மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியே ஆகாசத்துக்கு. கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 20 கிலோ நிலக்கரி, 130 லிட்டர் தண்ணீர்.

130 லிட்டரை எங்கே வைப்பது? 35-ஐ 35-ஆல் பெருக்கி, மறுபடி 35-ஆல் பெருக்கி வகுத்தால் பொம்மையில் 3 கன சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் குறுக்களவு, இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள மார்க்கர் பேனா மூடி இரண்டு எடுத்தால் கச்சிதம். இடுப்பின் இரண்டு பக்கமும் ஒட்டியாயிற்று. பேனா மூடி தண்ணீர்த் தொட்டியான தருணத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை இன்க்ரிமென்ட் கொடுத்ததில்லை.

முதுகில் நிற்கிற கொதிகலன், மார்க்கர் பேனாவின் உடம்பு. புகைபோக்கி, பால்பாயின்ட் பேனாவின் குழல்.

நீராவியை நேராக முட்டிக்கும் முழங்கைக்கும் அனுப்பினால் மூட்டுக்கு மூட்டு ஒழுகும், பாதி வழியில் ஆறிவிடும். அந்தக் காலத்து எஞ்சினீயர்கள் இதற்கு வழி வைத்திருந்தார்கள். 1894-ல் திறந்த லண்டன் டவர் பிரிட்ஜில், பாலத்தை நேராகத் தூக்கியது நீராவி இல்லை. நீராவி எஞ்சின் தண்ணீரை அழுத்தி ஏற்றும். அந்த அழுத்தம்தான் பாலத்தைத் தூக்கும். 1976 வரைக்கும் அப்படியே. அதே தத்துவம் இங்கே. முதுகில் எஞ்சினும் பம்பும். அங்கிருந்து ஸாகுவின் சொந்தக் குழாய்கள் கைகால்களுக்கு அழுத்தத் தண்ணீரைக் கொண்டுபோகின்றன. முட்டியில் காலி ரீஃபில் துண்டுக்குள் ஊக்குக் கம்பி: பிஸ்டன் தயார். காலை மடக்கினால் கம்பி உள்ளே போய்விட்டு வருகிறது. எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்த ஜேம்ஸ் வாட் 1788-ல் உபயோகித்த இரட்டைக் குண்டு கவர்னர் வேண்டுமே? மணி வைத்த குண்டூசி இரண்டு.

தலை? 1837-ல், விக்டோரியா பட்டத்துக்கு வந்த அதே வருஷம், அகஸ்டஸ் சீபே என்பவர் தண்ணீர் புகாத முத்துக்குளிக் கவசத்தை, வட்டக் கண்ணாடி வைத்த செம்புத் தலையோடு செய்தார். 1882-ல் மார்ஸேல்ஸ் நகரத்தில் கார்மன்யோல் சகோதரர்கள் 380 கிலோவில் ஒரு முழு உலோகக் கடல் கவசமே செய்தார்கள். தலையில் மட்டும் 25 குட்டிக் கண்ணாடிகள். ஆக, விக்டோரியா காலத்துக் கவசத் தலை எப்படி இருக்கும் என்பதற்குக் கற்பனையே தேவையில்லை. ஸாகுவின் ஒற்றைக் கண் தலையைக் கழற்றிவிட்டு, தோளில் இருந்த உருண்டைக் கவசத்தைக் கவிழ்த்தேன். மூன்று முட்களையும் வெட்டி, அந்த இடங்களில் ஓட்டை போட்டு, மாத்திரை அட்டையின் குமிழிலிருந்து ‘கண்ணாடி’ நறுக்கி வைத்தேன். முள் இருந்த இடமெல்லாம் ஜன்னல்!

தகடும் தகடும் சேருகிற இடங்களில் மட்டும் ரிவெட். பல்குத்தும் குச்சி நுனியில் ஃபெவிக்காலைத் தொட்டு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகப் புள்ளி வைக்க வேண்டும். கோலம் போடத் தெரிந்தவர்களுக்குச் சுலபம். என் மனைவி ஒரு வரிசை வைத்துக் காட்டிவிட்டு, ‘இதுக்குப் போயா மூணு நாளா மூச்சைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கீங்க?’ என்றாள்.

கரி யார் போடுவா?

பேப்பரில் படம் வரைந்துகொண்டிருந்தபோது அக்கா பையன் வந்தான். ஏழாவது படிக்கிறான்.

‘மாமா, இது என்ன?’

‘கொதிகலன்.’

‘இவரு?’

‘ஓட்டறவர்.’

‘அவர் ரெண்டு கையிலயும் லீவர் பிடிச்சிட்டிருக்காரே, அப்ப கரி யார் போடுவா?’

பென்சில் நின்றுவிட்டது. மணிக்கு 20 கிலோ கரி தானாக அடுப்புக்குள் குதிக்காது. பிடிக்கும் லீவரை விட்டுவிட்டு ஓட்டுநர் முதுகுப் பக்கம் போகவும் முடியாது. ஆகவே இந்தக் கவசத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே, ஹெல்மெட்டோடு. இன்னொருவர் பின்னால், கொதிகலனுக்கு அந்தப் பக்கம் ஒரு பலகையில் நின்றுகொண்டு, கையில் கரண்டியோடு. கவசம் நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் அவர் ஆடி, குலுங்கி, வெந்துகொண்டே கரி போட வேண்டும்.

வெர்ன் இதை மறக்கவில்லை. அவருடைய யானைக்குக் கரி போட கலூத் என்ற இந்தியர் இருந்தார். ஆனால் கதையைப் படித்துவிட்டு யானையைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம்.

அப்புறம் மொத்தப் படத்தையும் அந்த இரண்டாவது ஆளைச் சுற்றித் திரும்ப வரைந்தேன். நிற்பதற்கு இரண்டு சென்டிமீட்டர் பலகை. விழாமல் பிடித்துக்கொள்ளச் செம்புக் கம்பியில் கைப்பிடி. கால் பக்கத்தில் கரிப்பெட்டி. ஏறுவதற்கு ஏணி, அதில் நடுப்படி மட்டும் பெயின்ட் தேய்ந்து இரும்பு தெரிகிறது, ஏனென்றால் தினம் கால் படுவது அங்கேதான். கொதிகலன் மேல் சூடு தாக்காமல் இருக்க, அந்தக் காலத்து வழக்கப்படி மரப்பட்டை. ஐஸ் குச்சியைச் சீவி ஒட்டியது.

நிறம் விஷயத்தில் ஒரு வார்த்தை. எல்லாமே பித்தளையாக இருக்க அது பூஜைப் பாத்திரம் இல்லை. விக்டோரியா காலத்து யந்திரங்கள் நன்றாகப் பெயின்ட் அடிக்கப்பட்டவை, பித்தளை அங்கங்கேதான். ஒரு பிரிட்டிஷ் ரயில் கம்பெனியின் எஞ்சின்களுக்கு ‘இம்ப்ரூவ்டு எஞ்சின் கிரீன்’ என்று பெயர் வைத்து, பார்த்தால் மாம்பழ மஞ்சள்! நான் கரும்பச்சை அடித்தேன். வால்வுகளுக்கும் ஜன்னல் விளிம்புக்கும் மட்டும் பித்தளை. மேலே, கீழ்க்காற்றில் புகை எங்கே படியுமோ அங்கே கறுப்புப் பொடி.

செய்ய நினைப்பவர்களுக்கு: ஜன்னலைத் திறந்துவைத்துப் பெயின்ட் அடியுங்கள். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், தூசி மூக்குக்குள் போகாது. மூட்டுப் பகுதிகளில் எனாமல் தின்னரை ஊற விடாதீர்கள். சில பிளாஸ்டிக் மறுநாள் காலையில் விரிந்து கிடக்கும். முதல் முயற்சிக்கு விலை குறைந்த கிட் போதும்.

‘இந்த வயசுல பொம்மையா சார்?’ என்று பக்கத்து சீட்டு நண்பர் கேட்டார். பகல் முழுக்க நான் அனுப்புகிற காகிதங்கள் எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேருகின்றன என்று எனக்குத் தெரியாது. இந்த 12 சென்டிமீட்டரில் மட்டும் ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறதென்று தெரியும். அதைச் சொன்னேன். ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டு, கிட் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர், ஹெல்மெட்டையும் பிஸ்டனையும் மரியாதைக்குப் பார்த்துவிட்டு, பொம்மையை மெதுவாகப் பின்பக்கம் திருப்பினார். கரண்டியோடு நிற்கிற ஆளை ரொம்ப நேரம் பார்த்தார்.

‘முன்னாடி உக்காந்திருக்கறது நம்ம மேனேஜர்’ என்றார். ‘இவரை எனக்குத் தெரியும் சார்.’