எண்ணிக்கை போதும், ஆள் அடையாளம் எதற்கு?

பாரம்பரிய இடங்களுக்குப் போகிறவர்கள் இன்று முதலில் கைப்பேசியைத்தான் திறக்கிறார்கள். மலாக்காவில் 1781ல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் எத்தனை மணிக்குத் திறக்கும், பினாங்கு குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலுக்கு எந்த வழியாகப் போகலாம், கம்போங் செட்டி எங்கே இருக்கிறது என்று தேடுகிறார்கள். ஒவ்வொரு தேடலும் ஓர் இணையத்தளத்தில் தடம் பதிக்கிறது.

அந்தத் தடங்களைச் சுற்றுலா ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

ஆய்வுக்கு என்ன பயன்?

மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அருங்காட்சியகத்திற்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை நுழைவுச்சீட்டு சொல்லிவிடும். கோயிலுக்கும் பழைய கடைத்தெருவுக்கும் நுழைவுச்சீட்டு கிடையாது. எந்த மாதத்தில், எந்த மொழியில், எந்த இடத்தைப் பற்றி அதிகம் படிக்கிறார்கள் என்று தெரிந்தால் வழிகாட்டிப் பலகை எந்த மொழியில் வேண்டும், எந்தச் சந்தில் கூட்டம் நெரியும் என்று முன்கூட்டியே திட்டமிடலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட், உலகப் பாரம்பரிய இடங்கள் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரைகளின் பார்வை எண்ணிக்கையைக் கொண்டு இத்தகைய ஆய்வைச் செய்திருக்கிறது. படித்தவர் எல்லாரும் நேரில் போவதில்லை. பள்ளிப் பாடவேலைக்காகவும் படிப்பார்கள். ஆனாலும் ஆர்வம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரியவரும்.

பெயரை நீக்கினால் போதுமா?

இணையத்தளப் பதிவேட்டில் இணைய முகவரி எண், வந்த நேரம், சாதனத்தின் வகை, திறந்த பக்கங்கள் ஆகியவை வரிசையாகப் பதிவாகலாம். பெயர் இல்லையே, என்ன ஆபத்து என்று தோன்றும்.

2006ல் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் ஆய்வாளர்களுக்காகச் சுமார் 6,50,000 பேரின் 2 கோடித் தேடல்களை வெளியிட்டது. பெயர்களை நீக்கி எண்களைத்தான் போட்டிருந்தது. ஆனால் ஒருவர் தேடிய ஊர், குடும்பப் பெயர், நோய் ஆகியவற்றை வைத்தே சில நாள்களில் ஒரு மூதாட்டியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள்.

நம் சமூகம் சிறியது. இங்கே இது இன்னும் எளிது. ஒருவர் சயாம் மரண ரயில்பாதைக்குப் போன தாத்தாவைத் தேடலாம். இன்னொருவர் மூடப்பட்ட தோட்டத்தின் கதையையோ தம் சாதி, பூர்வீகம் பற்றியோ படிக்கலாம். ஒரு சிற்றூரிலிருந்து ஒரே ஒருவர்தான் அந்தப் பக்கத்தைத் திறந்தார் என்றால், அவர் யார் என்று ஊரே சொல்லிவிடும்.

சட்டம் எதுவரை?

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ல் இயற்றப்பட்டு, 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. 2024 திருத்தம், அதன் கோட்பாடுகளை மீறுவோருக்கான உச்ச அபராதத்தை 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தியது. ஆனால் இச்சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கே பொருந்தும். மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. இலாப நோக்கமின்றித் தளம் நடத்தும் சங்கமோ ஆலய நிர்வாகமோ சட்டத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. தனக்கென ஒரு விதி வகுத்துக்கொள்ள வேண்டும்.

எப்படிக் கொடுக்கலாம்?

• மூலப் பதிவேட்டைக் கொடுக்க வேண்டாம். வாரம் அல்லது மாத மொத்தத்தை மட்டும் கொடுக்கலாம்.

• இணைய முகவரியின் கடைசிப் பகுதியைச் சேமிக்கும்போதே மறைத்துவிடலாம். மட்டோமோ போன்ற கணிப்பு மென்பொருள்களில் இந்த வசதி உண்டு.

• சிறிய எண்ணிக்கையைக் காட்ட வேண்டாம். பத்துக்கும் குறைவானவர் பார்த்த பக்கத்திற்கு ‘10க்குக் கீழ்’ என்று எழுதினால் போதும். விக்கிமீடியா அறக்கட்டளை 2023ல் நாடுவாரியான பார்வைத் தரவை வெளியிட்டபோது, எண்களைச் சற்றே கூட்டியும் குறைத்தும் தனிமனிதர் தெரியாதபடி செய்தது.

• எதற்காகக் கேட்கிறார்கள், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்களா, எப்போது அழிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். ஆளை அடையாளம் காண முயல மாட்டோம் என்ற உறுதிமொழியும் அதில் இருக்க வேண்டும்.

• தரவு ஆய்வுக்குப் போகிறது என்பதைத் தளத்திலேயே தமிழிலும் அறிவிக்க வேண்டும். படிப்பவர் தமிழர் என்றால் அறிவிப்பு ஆங்கிலத்தில் மட்டும் இருப்பது முறையல்ல.

இதனால் ஆய்வாளருக்கு இழப்பே இல்லை என்று சொல்ல முடியாது. ஆலயம் பற்றிப் படித்தவர் அடுத்து உணவுக்கடையைத் தேடினாரா என்பதை மாத மொத்தம் சொல்லாது. அப்படிப்பட்ட கேள்வி வந்தால் கணக்கைத் தளத்தை நடத்துபவரே போட்டு, விடையை மட்டும் தரலாம். பதிவேடு வீட்டைவிட்டு வெளியே போகாது.

பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்த பிறகு யோசிப்பதைவிட, அடுத்த நிர்வாகக் கூட்டத்திலேயே இதைப் பேசி முடிவெடுப்பது நல்லது. தளத்தில் படிக்கும் நீங்களும் கேட்கலாம்: ‘நான் வந்துபோனதை எவ்வளவு காலம் வைத்திருக்கிறீர்கள்? யாருக்குக் கொடுக்கிறீர்கள்?’ பதில் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு.